ஊர்ப் பெயரோடு வந்த விளையாட்டு

2009 ஏப்ரல் 27. வன்னிக் கடற்கரையில் ஒடுங்கிக்கிடந்த மக்கள் இருக்கும் இடத்தில் இனிக் கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தப்போவதில்லை என்று கொழும்பில் அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று வாரங்களில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை இந்த நாட்டுத் தமிழ் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதே நாள் ஜப்பானிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. கொனாமி என்ற பெரிய வீடியோ கேம் கொம்பனி, அந்த மாதத் தொடக்கத்தில்தான் அறிவித்திருந்த ஒரு போர் விளையாட்டை வெளியிடாமல் கைவிடுகிறது என்பது செய்தி. விளையாட்டின் பெயர் ‘சிக்ஸ் டேஸ் இன் பலூஜா’. பலூஜாவில் ஆறு நாள்.

இங்கே ஒரு போர் தன் கடைசி நாட்களில் ஆட்களைத் தின்றுகொண்டிருந்தபோது, அங்கே நடந்து ஐந்து வருடமும் ஆகாத இன்னொரு போரை விளையாட்டாக்கலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. காத்தான்குடியில் இருந்து அதைப் பார்க்கிறவர்களுக்கு அதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி. அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த அட்டமிக் கேம்ஸ் என்ற கொம்பனி இதைச் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க மரைன் படைக்குப் பயிற்சி மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தில், பலூஜாவில் சண்டை செய்துவிட்டுத் திரும்பிய மரைன்கள் சிலர், தாங்கள் பட்டதை ஒரு விளையாட்டாக்கித் தரும்படி கேட்டார்கள் என்று கொம்பனி சொன்னது. பல மரைன்களிடம் நேர்காணல் எடுத்தார்கள். ஈராக்கியப் பொதுமக்களிடமும், எதிரணியில் நின்றவர்கள் சிலரிடமும்கூடப் பேசியதாகச் சொன்னார்கள். சுட்டால் உடையும் சுவர், வெடித்தால் சரியும் கூரை என்று அன்றைய தொழில்நுட்பத்தில் முன்னே நின்ற வேலை அது.

அறிவிப்பு வந்த உடனேயே எதிர்ப்புக் கிளம்பியது. ஈராக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த பிரித்தானியப் பெற்றோர் பேசினார்கள். போர் எதிர்ப்பு இயக்கங்கள் பேசின. அந்தப் போரில் நின்ற சிப்பாய்களிலேயே ஒரு பகுதியினர் ‘வேண்டாம்’ என்றார்கள், இன்னொரு பகுதியினர் ‘செய்யுங்கள்’ என்றார்கள். வந்த அபிப்பிராயங்களைப் பார்த்தபின் விற்பதில்லை என்று தீர்மானித்ததாகக் கொனாமி அசாஹி ஷிம்புன் நாளிதழுக்குச் சொன்னது. அட்டமிக் வேறு வெளியீட்டாளரைத் தேடியது, கிடைக்கவில்லை. 2011ஓடு அந்தக் கொம்பனியும் இல்லாமல் போனது.

பலூஜா என்பது என்ன ஊர்? பக்தாதுக்கு மேற்கே, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள நகரம். இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததால் ‘பள்ளிவாசல்களின் நகரம்’ என்று பேர் எடுத்தது. 2004 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்கப் படைகள் அங்கே பெரும் தாக்குதலைத் தொடங்கின. அது ரமழானின் கடைசிப் பத்து. மக்களில் பெரும்பாலானோர் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். ஆனால் 15 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வெளியேற முயன்றபோது ஊருக்குள்ளேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சண்டை டிசம்பர் பிற்பகுதி வரை நீடித்தது. வீடுகளில் பாதிக்கு மேல் சேதமாகின. வெண் பொஸ்பரஸ் குண்டுகளைப் போராளிகள் மீது ஆயுதமாகவே பயன்படுத்தியதை அடுத்த வருடம் அமெரிக்க இராணுவம் ஒப்புக்கொண்டது. செத்த பொதுமக்கள் 600 முதல் 800 பேர் வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய 95 பேர் இறந்தார்கள். அவர்களுடைய பெயர் ஒவ்வொன்றும் பதிவில் இருக்கிறது. ஊர்க்காரர்களின் தொகைதான் இன்னும் மதிப்பீடாக நிற்கிறது.

இனி வேறு இரண்டு விளையாட்டுகள். இரண்டும் எதிர்காலப் போர்கள், இரண்டும் வெளிவராமல் நின்றவை. ஒன்று பிளிஸார்ட் கொம்பனியின் ‘ஸ்டார்கிராஃப்ட்: கோஸ்ட்’. 2002இல் அறிவித்தார்கள். செய்கிற கொம்பனியை நடுவில் மாற்றினார்கள். 2006இல் காலவரையறை இல்லாமல் ஒத்திவைத்தார்கள். இனி வராது என்பதை 2014இல்தான் வாய்விட்டுச் சொன்னார்கள். மற்றது எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனியின் ‘டைபீரியம்’. வேற்றுலகப் படைகளோடு மனிதப் படை மோதும் கதை. 2007 கடைசியில் அறிவித்து, 2008 செப்டெம்பர் 30ஆம் திகதி தரம் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இந்தத் தொழிலில் இது சாதாரணம். பணம் போதாமல், இயந்திரத் தலைமுறை மாறி, கதை கூடிவராமல், சந்தை வேறு பக்கம் திரும்பி என்று வருடா வருடம் எத்தனையோ விளையாட்டுகள் பாதியில் நிற்கின்றன. நான்கு ஐந்து வருடம் இரவு பகலாக உழைத்த பொடியன்களுடைய வேலை யார் கண்ணிலும் படாமல் அழிகிறது. அது தனியான துக்கம், அதைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

நான் கவனித்தது வேறு. எதிர்கால விளையாட்டுகள் இரண்டையும் நிறுத்தச் சொல்லி எந்தத் தாயும் தகப்பனும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே யாருடைய ஊரும் இல்லை. பலூஜா விளையாட்டில் ஊரின் பெயர் இருந்தது. வருடம் இருந்தது, தெரு இருந்தது, செத்த ஆளின் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, 2050 என்று ஒரு வருடத்தைப் போட்டு, அதே தட்டைக் கூரை வீடுகளையும் அதே மினாராக்களையும் வைத்து விற்றிருந்தால் ஒரு நாளிதழும் அதைச் செய்தியாக்கியிருக்காது.

அப்படித்தான் விற்கிறார்கள். 2006இல் வந்த ‘பெட்டில்ஃபீல்ட் 2142’ விளையாட்டைப் பாருங்கள். உலகம் பனியில் உறைந்துபோன 2142ஆம் ஆண்டுக் கதை. நடக்கும் இரும்பு யந்திரங்கள், பறக்கும் போர்க்கப்பல்கள் என்று எல்லாமே கற்பனை. ஆனால் சண்டை பிடிக்கிற இடங்களில் சூயஸ் கால்வாய் இருக்கிறது, டூனிஸ் துறைமுகம் இருக்கிறது. 2012இல் வந்த ‘கோல் ஒஃப் டியூட்டி: பிளெக் ஒப்ஸ் 2’ கதையில் ஒரு பாதி 2025ஆம் ஆண்டில் நடக்கிறது. ட்ரோன் கூட்டங்கள் பறக்கிற அந்த எதிர்காலத்தில் சுடுவதற்கு ஏற்ற இடமாகத் தெரிந்தெடுத்த ஊர்களில் யெமனும் ஒன்று. யெமனில் அதற்குப் பிறகு உண்மையாகவே குண்டு விழுந்தது, பிள்ளைகள் பட்டினியில் செத்தார்கள். நூறு வருடம் தாண்டிப் போனாலும் சண்டைக்குத் தேர்ந்தெடுப்பது நம்மைப் போன்றவர்களின் தெருவைத்தான்.

பெயரை மாற்றுவதால் இன்னொன்றும் நடக்கும். 1991 பெப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிப் போன ஈராக்கிய வாகனத் தொடரை அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. அந்த வீதிக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்று பெயர் வந்தது. 2019இல் வந்த ‘கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயர்’ அதே பெயரில் ஒரு வீதியை, உலகப் படத்திலேயே இல்லாத உர்ஸிக்ஸ்தான் என்ற நாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. அங்கே குண்டு போட்டவர்கள் ரஷ்யர்கள். ஒரு படை செய்ததை இன்னொரு படையின் கணக்கில் எழுத, இல்லாத நாடு ஒன்று போதுமாக இருந்தது. இதை நான் மிகப் பெரிய பிழையாகவே பார்க்கிறேன். அந்த வீதியைப் பற்றி வேறெதுவும் அறியாத ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் சரித்திரம்.

அந்தக் குவைத் போருக்கு வித்திட்டது 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி சதாம் ஹுசைனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கான இலங்கையர் அகப்பட்டுக்கொண்டார்கள். உலகத்தின் கண் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று இரவு இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆண்களும் சிறுவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். செய்தது விடுதலைப் புலிகள். அவர்கள் அதை மறுத்தார்கள். ஊர் அதை ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.

எட்டு நாள் கழித்து ஏறாவூர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான், அங்கே கொல்லப்பட்டவர்கள் தமிழர்கள், குழந்தைகள் உட்பட. வாவியின் அக்கரையில் கொக்கட்டிச்சோலை 1987இல் ஒருமுறையும் 1991இல் இன்னொருமுறையும் அழுதது. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி ஒரு முறை வந்தால், பெயரைச் சொன்னதுமே ஒரு திகதியும் கூடவே நினைவுக்கு வருகிற ஊர்கள்தான் எத்தனை. எங்கள் துக்கத்தை மட்டும் எழுதிவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களின் துக்கத்தை விட்டுவிட்டால் எழுதியதில் பாதிதான் உண்மை.

மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை ஊர் இன்றும் மூடாமல் வைத்திருக்கிறது. தொழ வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அதே பிள்ளைகள் கையில் போனை வைத்து, பப்ஜி என்றும் ஃப்ரீ ஃபயர் என்றும், நாள் முழுக்கச் சுடுகிறார்கள். அந்த ஆட்டங்களிலும் குண்டு பட்டால் சுவரில் துளை விழும். அது எப்படி விழுகிறது என்று கேம் செய்யப் படிக்கிற ஒரு தம்பியிடம் கேட்டேன். உண்மையில் சுவர் துளைபடுவதில்லையாம். துளை போன்ற ஒரு சின்னப் படத்தைச் சுவரில் ஒட்டுவார்களாம். துளைகள் கூடிக்கொண்டே போனால் இயந்திரத்தின் நினைவகம் நிரம்பி ஆட்டம் திணறும் என்பதால் பழைய துளைகளைத் தானாகவே அழித்துவிடுவார்களாம். ‘இல்லையென்டா போன் சூடாகிரும் காக்கா’ என்றான்.

பள்ளிச் சுவர் முப்பத்தைந்து வருடமாகத் தாங்கிக்கொண்டிருப்பதை அந்த இயந்திரத்தால் கொஞ்ச நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அது தொழில்நுட்பத்தின் தேவை. ஆனால் எதை முதலில் அழிப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்கள். இந்த வகை ஆட்டங்கள் முதலில் அழிப்பது ஊர்ச் சனத்தை. சந்தை இருக்கும், கடை திறந்திருக்கும், கொடியில் உடுப்புக் காயும், அடுப்பில் சட்டி இருக்கும். ஆள் மட்டும் இல்லை. துப்பாக்கியோடு வருகிறவனைத் தவிர வேறெவரும் அந்த ஊரில் வாழ்ந்ததில்லை என்பது போல இருக்கும். இதற்கு ஒரு காரணத்தை ‘பெட்டில்ஃபீல்ட் 3’ செய்தவர்களில் ஒருவரான பெட்ரிக் பாக் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். பொதுமக்களை உள்ளே வைத்தால் விளையாடுகிறவர்கள் அவர்களைச் சுடுவார்கள், அப்படியான காட்சிகளைப் பார்க்கத் தனக்கு விருப்பமில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். நேர்மையான பதில். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். போரில் அதிகம் சாகிறவர்கள் போர் விளையாட்டில் இருப்பதே இல்லை.

கைவிடப்பட்ட பலூஜா விளையாட்டு செத்துப்போகவில்லை. 2021 பெப்ரவரியில் அது மீண்டும் எழும்பியது. அட்டமிக்கின் தலைவராக இருந்த பீட்டர் டாம்டே, விக்டூரா என்ற புதிய கொம்பனி மூலம் அதை அறிவித்தார். ‘ஹேலோ’ போன்ற புகழ்பெற்ற எதிர்காலப் போர் விளையாட்டுகளில் வேலை செய்தவர்கள் கூடி நடத்தும் ஹைவயர் கேம்ஸ் அதைச் செய்தது. வேற்றுக் கிரகத்து எதிரிகளைச் சுடும் விளையாட்டில் தேர்ந்த கைகள் பலூஜாவின் வீடுகளுக்குள் வந்தன.

இந்தப் புதுப் பதிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு முறை விளையாடத் தொடங்கும்போதும் வீடுகளின் உள்ளமைப்பு மாறிவிடும். அறை இருந்த இடத்தில் முற்றம் வரும், படிக்கட்டு இடம் மாறும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் சிப்பாயின் பயத்தை விளையாடுகிறவர் உணர வேண்டும் என்பதற்காக இப்படி. சிப்பாயின் பக்கம் நின்று பார்த்தால் இது மிகவும் கெட்டித்தனமான வேலைதான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இது என்ன? அவருக்குத் தன் வீட்டில் எந்த அறை எங்கே என்று இருட்டிலும் தெரியும். உம்மா குர்ஆன் ஓதுகிற மூலை எது, வாப்பா சாய்மனைக் கதிரை போடுகிற இடம் எது என்று தெரியும். விளையாட்டில் அந்த வீடு ஒரு தரம் இருந்த மாதிரி மறுதரம் இல்லை. யாருடைய வீடும் இல்லை.

அறிவித்த கையோடு டாம்டே ஒரு நேர்காணலில், ஈராக்கியப் பொதுமகனாக இருப்பது எப்படி என்று அறிய ஆவல் கொண்டவர்கள் மிகக் குறைவு, அப்படியொரு விளையாட்டை யாரும் விளையாடமாட்டார்கள் என்ற கருத்தைச் சொன்னார். அந்தப் போர் சரியா பிழையா என்ற அரசியலுக்குள் விளையாட்டு போகாது என்றும் சொன்னார். எதிர்ப்பு வலுத்தது. மார்ச் மாதத்தில் கொம்பனி தன் பேச்சை மாற்றி, பலூஜாவின் கதையை அரசியலில் இருந்து பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுத் தப்ப முயலும் ஓர் ஈராக்கியத் தகப்பனாக, கையில் ஆயுதமின்றி விளையாடும் பகுதியும் வரும் என்றார்கள். ஏப்ரலில் அமெரிக்க முஸ்லிம்களின் சிவில் உரிமை அமைப்பான கெயார், இதை விற்க வேண்டாம் என்று மைக்ரோசொஃப்ட், சோனி, வால்வ் ஆகிய கொம்பனிகளைக் கேட்டது. 2023 ஜூன் 22ஆம் திகதி அது முன்னோட்டப் பதிப்பாக விற்பனைக்கு வந்துவிட்டது. வந்தபோது அதில் இருந்தது மரைன்களின் சண்டைதான்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நிஜப் போரைப் பற்றி விளையாட்டுச் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாவல் எழுதுகிறோம், படம் எடுக்கிறோம். இது அவற்றுக்குப் பின் வந்த கலை. 2009இல் கொனாமி கைவிட்டதில் எனக்கு நிம்மதிதான், ஆனால் கைவிட்ட விதத்தில் இல்லை. செய்யும்படி கேட்டது மரைன்கள். நிறுத்தியது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த குரலால். பலூஜாக்காரர்களிடம் கதை கேட்டிருக்கலாம், சம்மதம் கேட்கவில்லை. செய்யத் தொடங்கியபோதும், நிறுத்தியபோதும், திரும்ப எடுத்தபோதும் முடிவு செய்கிற மேசையில் அந்த ஊரார் ஒருவருக்கும் கதிரை போடவில்லை. என் மனக்குறை இதுதான்.

இந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012இல் ‘கோல் ஒஃப் டியூட்டி’ விளையாட்டொன்றில், குளியலறையில் மாட்டிய ஒரு படச் சட்டத்தில் ஹதீஸ் வாசகம் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தப் பகுதியையே கழற்றித் திருத்தினார்கள். 2021 நவம்பரில் அதே வரிசையின் இன்னொரு விளையாட்டில், குர்ஆனின் தாள்கள் தரையில் மிதிபடக் கிடந்தன. உடனே அகற்றி, அரபியில் மன்னிப்புக் கேட்டார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அதை மதிக்கிறேன். தாளுக்கு வருந்தத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தாள் கிடந்த வீட்டுக்காகவும் வருந்தத் தெரிய வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி. 2020 செப்டெம்பரில் பப்ஜியை அரசு தடை செய்தது. இரண்டு நாளில் ‘ஃபௌஜி’ என்ற உள்நாட்டு விளையாட்டை நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் செய்தது. 2021 குடியரசு தினத்தன்று வெளியானது. அதன் முதல் களம் கல்வான் பள்ளத்தாக்கு. அங்கே 20 இந்தியச் சிப்பாய்கள் இறந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே பெயர் இருந்தது, திகதி இருந்தது, அழுகிற குடும்பங்கள் இருந்தன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அஞ்சலி என்று கொண்டாடினார்கள். வருமானத்தில் ஒரு பங்கு இறந்த படையினரின் குடும்பநல நிதிக்கு என்றும் அறிவித்திருந்தார்கள். செத்தவர்கள் தன் பக்கத்து ஆட்களாக இருந்தால் அஞ்சலி, மற்றப் பக்கமாக இருந்தால் களம். பலூஜாவுக்கும் கல்வானுக்கும் இடையில் எனக்குத் தெரிகிற வேறுபாடு அவ்வளவுதான்.

எதிர்காலப் போர் என்று அன்று விற்றவை இன்று நிகழ்காலமாகிவிட்டன. பிளெக் ஒப்ஸ் சொன்ன 2025 வந்தாயிற்று. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் வெளியே பார்க்கும் கருவியை எக்ஸ்பொக்ஸ் கைப்பிடி கொண்டு இயக்குகிறார்கள், சிப்பாய்களுக்குச் சின்ன வயதிலேயே கைப்பழக்கம் இருக்கிறது என்பதால். உக்ரைனில் ட்ரோன் படையணிகள் தாக்கிய இலக்குக்கு ஏற்பப் புள்ளி பெற்று, அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புதிய ட்ரோன்களை எடுத்துக்கொள்கின்றன. விளையாட்டு போரைப் பார்த்துப் பழகிய காலம் போய், போர் விளையாட்டைப் பார்த்துப் பழகுகிறது. மேலே இருந்து ஒரு கமெராவில் பார்க்கும்போது ஊர் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். கூரை, சந்து, ஓடுகிற ஒரு புள்ளி.

அப்படித் தூரத்திலிருந்து பார்க்கப்படுவது என்னவென்று இந்த ஊருக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் எங்கள் ஊரில் பிறந்தவன். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் செத்தார்கள். கல்லடிப் பாலம் தாண்டினால் வருகிற நகரம் அது, நாங்கள் தினமும் போய்வருகிற இடம். அந்த வெட்கத்தையும் துக்கத்தையும் இந்த ஊர் சுமக்கிறது, சுமக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்களில் உலகத் தொலைக்காட்சிகளில் காத்தான்குடி எப்படித் தெரிந்தது? பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்கள், அரபி எழுத்துப் பலகைகள், முகம் மூடிய பெண்கள். ஒரு போர் விளையாட்டுக்கு வரைந்து வைத்த களம் போலவே தெரிந்தது. தறி நெய்கிறவர்கள், வாவியில் வலை வீசுகிறவர்கள், கடைக் கணக்கு எழுதுகிறவர்கள், 1990இல் ஒரே வீட்டில் பல மையித்துகளை எடுத்தவர்கள் அந்தப் படங்களுக்குள் வரவில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. சராயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. அதில் நீங்கள் சிப்பாய் அல்ல. இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய பொதுமக்கள். பகலில் பசியைச் சமாளிக்க வேண்டும், இரவில் மருந்து தேடிப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக் கிழவரிடம் திருடலாமா என்று யோசிக்க வேண்டும். யாரும் விளையாடமாட்டார்கள் என்று டாம்டே சொன்ன வகைதான் இது. உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். 2020இல் போலந்து அரசு அதைப் பாடசாலை மாணவர்களின் துணை வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது.

நாப்லூஸைச் சேர்ந்த ரஷீத் அபூஐதா என்ற பலஸ்தீனர் 2016இல் ‘லைலா’ என்ற மகளோடும் மனைவியோடும் காஸாவில் குண்டுக்குத் தப்பி ஓடும் ஒரு தகப்பனின் கதையைச் சின்னதொரு போன் விளையாட்டாகச் செய்தார். ஆயுதம் இல்லை, புள்ளி இல்லை. இதை விளையாட்டு என்ற பகுதியில் சேர்க்க முடியாது என்று அப்பிள் முதலில் மறுத்தது. கண்டனம் எழுந்தபின் ஏற்றுக்கொண்டது. சுடுவது விளையாட்டு, தப்புவது விளையாட்டல்ல என்று ஒரு கொம்பனிக்கு, கொஞ்ச நாளைக்கேனும், தோன்றியிருக்கிறது.

காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் இன்று கேம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கிறார்கள். யூனிட்டி, கொடோ போன்ற கருவிகளை இலவசமாகவே எடுத்துப் பழகலாம். வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வீட்டில் இருந்தே வேலை செய்கிற பொடியன்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

1990இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து. நாற்பது வயதாக இருந்தவருக்கு எழுபத்தைந்து. அந்த இரவில் பள்ளிக்குள் இருந்து உயிர் தப்பியவர்கள், வெளியில் நின்று சத்தம் கேட்டவர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், எல்லாக் காலத்துக்கும் இருக்கமாட்டார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள். ‘வேண்டாம் மகன்’ என்று ஒருவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். சத்துருக்கொண்டானுக்கும் ஏறாவூருக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் போங்கள், அங்கேயும் அப்படியே கேளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதை விளையாட்டாகச் செய்வீர்களோ, படமாகச் செய்வீர்களோ, வெறும் ஒலிப்பதிவாக வைத்திருப்பீர்களோ, சொன்னவர்களோடு கூடியிருந்து முடிவெடுங்கள். நாளைக்கு எங்கோ ஒரு கொம்பனி இந்த வாவிக்கரையை ஒரு போர்க்களமாக வரைய வந்தால், இங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவர்கள் முன்னால் எடுத்துவைக்க நம் கையில் பதிவு இருக்க வேண்டும். அந்த வேலையை இந்த வருடமே தொடங்குங்கள்.